பொருளைக் காத்தோம், பெயரைக் காத்தோமா?

சென்ற ஆண்டு விடுமுறையில் எங்கள் பிராசீன பாடசாலை மாணாக்கர் இருபத்தெண்மரை அழைத்துக்கொண்டு தென்னிலங்கைக்குச் சென்றிருந்தேன். கொழும்பில் ஒரு நாள், காலியில் ஒரு நாள் என்பது திட்டம். கொழும்பு நூதனசாலையில் ஒரு கல்லையும், காலிக் கோட்டையிலுள்ள கடல்சார் நூதனசாலையிற் பல பொருள்களையும் காட்டிவிட்டால், நமது நாட்டு வரலாற்றைக் கடலிலிருந்தும் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டாகும் என எண்ணினேன். கற்பிக்கப் போனவன் நான். கற்றுக்கொண்டு திரும்பியவனும் நானே. அவ்வாறு கற்றதைச் சொல்லுதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கொழும்பிற் கண்ட கல், காலியிலே கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. 1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகின்மேல் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டறிந்தார். சீனத்து மிங் பேரரசின் கடற்படைத் தலைவராகிய செங் ஹோ கொணர்ந்த கல் அது. அதிற் பொறித்த ஆண்டு 1409. ஒரே கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தபகவானுக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கு அளித்தவற்றைக் கூறுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கு உரியது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் எனக் காணிக்கைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. இக்கல் சீனத்திலேயே பொறிக்கப்பெற்றுக் கப்பலில் வந்ததென்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. ஆகவே அறுநூறு ஆண்டுகளுக்கு முன், தென்னிலங்கைத் துறையிலே தமக்கு வேண்டிய மொழிகளுள் ஒன்று தமிழ் என்பதைச் சீனத்தார் தம் நாட்டிலிருந்தபடியே அறிந்திருந்தனர். இதனைச் சொன்னபோது பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்திருக்கும். அந்தப் பெருமை மறுநாட் காலை வரை நிலைத்தது.

மறுநாள் கடற்கரையோரமாகச் செல்லும் புகையிரதத்திற் காலிக்குப் போனோம். காலி பழைய துறை. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா, சிவனொளிபாத மலையைத் தரிசித்தபின் தேவேந்திரமுனை வழியாகக் காலிக்கும் வந்தார். அதே பயணத்தில் அவர் புத்தளப் பக்கத்திற் கண்ட மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி. அம்மன்னருடைய கப்பல்கள் பலவற்றைத் தாம் கண்டதாகவும் அவர் எழுதிவைத்தார். போர்த்துக்கேயரிடமிருந்து 1640இல் ஒல்லாந்தர் காலியைக் கைப்பற்றினர். கோட்டையின் பழைய வாயிலில் அவர்களது வணிகக் கழகத்தின் சின்னத்தையும் சேவலுருவையும் 1669 என்ற ஆண்டையும் இன்றும் காணலாம். அவ்வாயிலை ஒட்டிய நீண்ட பண்டகசாலையும் அவர்கள் கட்டியதே. இந்நாட்டுச் சரக்குகள் கப்பலேறக் காத்துக்கிடந்த அந்தக் கட்டடத்திலேதான் 1992ஆம் ஆண்டு கடல்சார் நூதனசாலை திறக்கப்பெற்றது. கப்பலுக்குக் காத்திருந்த இடம் கப்பலின் நினைவைக் காக்கும் இடமாயிற்று. இதனினும் பொருத்தமான மனையொன்று அதற்கு வாய்த்திருக்க முடியாது.

உள்ளே சென்றோம். தடித்த சுவர்கள், வெளியே வெயிலெரித்தாலும் உள்ளே குளிர்ச்சி. திமிங்கிலமொன்றின் என்புக்கூட்டைச் சுற்றிப் பிள்ளைகள் நெடுநேரம் நின்றனர். மீனவர் கருவிகள், பலவகைப் படகுகள், கப்பல்களின் மாதிரியுருவங்கள், கடலடியிலிருந்து எடுத்த பொருள்கள் என ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றோம்.

காலித் துறைமுகத்துக்குள்ளேயே 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அப்பெயருக்கு அந்தி வெள்ளி என்பது பொருள். முதலில் ஆங்கிலேயர் கப்பலாயிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது; பாக்கு ஏற்றிக்கொண்டு இந்தியக் கரைக்குப் போகவிருந்த நேரத்தில் நங்கூரம் பிடிவிட்டுக் கரைமேல் மோதி அழிந்தது. 2001ஆம் ஆண்டு தொடங்கி அதனை அகழ்ந்தாராய்ந்தனர். 2004 மார்கழியில் வந்த கடற்கோள் அந்த ஆராய்ச்சி நிலையத்தையே அடித்துச் சென்றது. கடலடியிலிருந்து அரும்பாடுபட்டு எடுத்தவற்றுட் சில மீண்டும் கடலுக்கே போயின. எஞ்சியவற்றைத் திரும்பப் பொறுக்கியெடுத்துப் பேணியிருக்கிறார்கள். இதனைக் கேட்டபோது பிள்ளைகள் வாய்திறவாது நின்றனர். அவர்களுட் சிலருடைய வீடுகளிலும் அந்தக் கடற்கோள் புகுந்ததுண்டு.

அதன்பின்னரே நான் எழுத வந்த நிகழ்ச்சி நடந்தது.

பாய்க்கப்பலொன்றின் மாதிரியுருவத்தின் முன் நின்றோம். ஒரு மாணவி பாய்மரத்தின் குறுக்கே கட்டப்பட்டிருந்த நீண்ட தடியைச் சுட்டி, “ஐயா, இதற்குப் பெயர் என்ன?” என்று கேட்டாள். நான் சிறிதும் தயங்காது, “அது பாய்மரத்தின் குறுக்குத் தடி அம்மா” என்றேன். “அதை மேலே இழுக்கிற கயிற்றுக்கு?” என்றாள். “கயிறுதான்” என்றேன்.

பின்வரிசையில் நின்ற மாணவனொருவன் மெல்லிய குரலில், “ஐயா, அது பருமல். பருமலை ஏத்திற கயிறு ஆஞ்சான்” என்றான். பிள்ளைகள் சிலர் சிரித்தனர். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் எங்கள் ஊருக்கு அப்பாலுள்ள கரையோரக் கிராமத்துப் பிள்ளை. வகுப்பில் அதிகம் பேசாதவன். செய்யுளை மனனஞ் செய்வதிற் பின்தங்கியவன் என்று நான் பலமுறை கடிந்துகொண்டதுமுண்டு.

சிரித்தவர்களை நான் அப்போது அடக்கவில்லை. அடக்காமைக்குக் காரணம், அந்தச் சொற்கள் எனக்கும் புதியவையாயிருந்தமையே. புதிய சொல்லைக் கேட்டவுடன் அது கொச்சையாயிருக்கும் என்று என் மனமும் ஒருகணம் எண்ணியது. அந்த ஒருகண எண்ணத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஊர் திரும்பியதும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பார்த்தேன். பருமல் இருந்தது. ஆஞ்சானும் இருந்தது. 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்த அகராதி அது. முப்பது ஆண்டுகளாக என் மேசைமீது கிடக்கும் நூலில் உள்ள சொற்களை என் மாணவனிடமிருந்து, அவன் தன் பாட்டனாரிடமிருந்து கேட்ட வழியாக, முதன்முறை அறிந்தேன்.

நெய்தற்றிணையை நான் கற்பிக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளாகின்றன. கருப்பொருள், உரிப்பொருள், நிலத்தெய்வம் என ஒன்றுவிடாமற் சொல்வேன். கலம், நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி என நிகண்டு நூலார் தொகுத்த பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவிப்பேன். ஆயினும் அம்பிக்கும் திமிலுக்கும் வேற்றுமை யாது என்று எவரேனும் வினவியிருந்தால், எல்லாம் மரக்கலமே என்று கூறித் தப்பியிருப்பேன். நிகண்டு கற்றவனுக்கு அவை ஒருபொருட் பன்மொழி. கடலிற் போகிறவனுக்கோ கட்டுமரம் வேறு, வள்ளம் வேறு, தோணி வேறு. மரங்களைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். அலை அதன்மேல் ஏறி இடுக்குகளால் வடிந்துபோகும். உட்குழிவுடையது வள்ளம்; உள்ளே புகுந்த நீரை இறைத்து ஊற்றவேண்டும். இந்த வேற்றுமையை மறந்தவன் கரைசேரமாட்டான். நான் மறந்தும் முப்பது ஆண்டு சம்பளம் வாங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவனையே வழிகாட்டியாகக் கொண்டு அவனுடைய பாட்டனாரைக் காணப் போனேன். எண்பதைக் கடந்தவர். முற்றத்து வேம்பின்கீழ் வலைக்கண் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

“வாத்தியார், உதெல்லாம் எங்கட வாய்ப்பேச்சு. உங்கட புத்தகத்துக்கு உதவாது” என்றார்.

“பெரியவர், புத்தகத்துக்கு உதவுமோ உதவாதோ என்பதைப் பிறகு பார்ப்போம். நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்” என்றேன்.

அன்று மாலைக்குள் அப்பியாசப் புத்தகமொன்றில் நாற்பது பக்கம் நிறைந்தது. முன்பக்கம் அணியம். அடிமரம் ஏரா. பக்கப் பலகைகளைத் தாங்கும் விலாமரங்கள் வங்கு. பாயின் கீழ்மூலையைப் பற்றி நிற்கும் கயிறு தாமான். கப்பலோட்டிக்குப் பெயர் தண்டையல். காற்றுக்களின் பெயரைக் கேட்டேன். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இவ்விரண்டும் சங்கச் சான்றோர் வழங்கிய சொற்களாகவே இருக்கக் கண்டு மகிழ்ந்தேன். மேல்காற்றை நான் கோடை என்று படித்தவன். அவர் கச்சான் என்றார். தென்காற்றை நான் தென்றல் என்பேன்; அவர் சோழகம் என்றார். “தென்றல் எண்டு பாட்டில கேட்டிருக்கிறன். சோழகம் பிடிச்சால் தென்றலெண்டு படுத்திருக்கேலாது” என்று சிரித்தார்.

ஒரு கயிற்றுக்குத் தனிப்பெயர் எதற்கு என்று நான் கேட்டபோது அவர் சொன்ன விடையை மறக்கமுடியாது. திடீரெனக் காற்றடிக்கும்போது தண்டையல் ஒரு சொல்லே சொல்லுவான். ‘தாமானை விடு’ என்றால் இருட்டிலும் ஒருவன் கை அந்தக் கயிற்றுக்கே போகும். எந்தக் கயிறு என்று கேட்டுக்கொண்டிருந்தால் வள்ளம் கவிழ்ந்துவிடும். ஆகவே அந்தச் சொல் உயிர்காக்கும் கருவி. நங்கூரம் எத்துணை வேண்டியதோ, சுக்கான் எத்துணை வேண்டியதோ, அத்துணை வேண்டியது தாமான் என்ற பெயரும்.

விடைபெறும்போது, “பாய் போனாப்பிறகு உந்தப் பேருகளை ஆர் கேக்கினம், வாத்தியார்?” என்றார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அவர் சொன்னது உண்மை. இன்று நம் கரைகளிற் பெரும்பாலும் காணப்படுவது கண்ணாடியிழைப் படகும் அதன் பின்னே பூட்டிய இயந்திரமும். அதனைக் குறை கூறுவாரில்லை. உழைப்பவனுக்கு எது வசதியோ அதனை அவன் கொள்வான். ஆயின் பாய் மறையும்போது பருமல் மறைகின்றது, ஆஞ்சான் மறைகின்றது, தாமான் மறைகின்றது. இதனோடு நம் பக்கத்துக் கரையோரங்களுக்குப் போரும் வந்தது. 2009 வரை நீடித்த அந்தக் காலத்திற் கடலுக்குப் போவதற்கே தடைகள். ஊர் ஊராக இடப்பெயர்வு. தகப்பன் மகனுக்குக் கடலிலே வைத்துக் கற்பிக்கவேண்டியதைக் கற்பிக்க ஆண்டுகள் பல வாய்க்கவில்லை. எஞ்சியிருப்பவர்கள் எண்பது வயதினர். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்று இருப்போமாயின், கேட்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்.

காலி நூதனசாலையைப் பற்றி எழுதத் தொடங்கி எங்கோ போய்விட்டதாக நினைக்கவேண்டாம். நூதனசாலை எதற்கு என்பதே இங்கு நான் எழுப்பும் கேள்வி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் தானாகப் பேசாது. அதனைப் பேசவைப்பது பெயர். பெயர் மறைந்த பொருளைப் பார்ப்பவன், “பழையதொரு மரத்துண்டு” என்று சொல்லிக் கடந்து செல்வான். பெயரறிந்தவனுக்கோ அதே மரத்துண்டு ஒரு தொழிலையும், அத்தொழில் செய்த மக்களையும், அவர்கள் அஞ்சிய காற்றையும் ஒருங்கே காட்டும். காலிக்கு அணித்தான தொடந்துவை என்னும் ஊரில், குமாரகந்த விகாரையிலே யாத்ரா தோணியின் மாதிரியுருவம் ஒன்று இருக்கின்றது. பலகைகளைக் கயிற்றாற் தைத்துக் கட்டி, ஒரு பக்கம் மிதவைமரம் பூட்டி, சரக்கேற்றிக் கடல்கடந்த பெருங்கலம் அது. அவ்வகைக் கலங்களுட் கடைசியானது 1930இல் மாலைதீவருகே உடைந்து போயிற்று. பின்னர் அத்தகைய கலம் கடலில் ஓடவில்லை. மாதிரியுருவம் நிற்கின்றது, அதனைத் தைத்த கைகள் இல்லை. வடபகுதிக் கரைகளுக்கும் அந்த நிலை நெருங்கிக்கொண்டிருக்கின்றது.

காலியிலே நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டிய சிங்கள அன்பர் ஒருவர், ஒரு படகைக் காட்டித் “தெப்பம” என்றார். பிள்ளைகள் “தெப்பம்” என்றனர். இன்னொன்றைக் காட்டி “வள்ளம” என்றார், “வள்ளம்” என்றனர். இருசாராரும் சிரித்தனர். மேடைகளிற் பேசப்படும் ஒற்றுமையைவிட அந்தச் சிரிப்பு எனக்கு நம்பிக்கை தந்தது. அலை எந்த மொழிக்காரனின் படகு என்று பார்த்து அடிப்பதில்லை. ஆகவே கடற்சொற்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தடையின்றிச் சென்றன. நமது கட்டுமரம் ஆங்கிலம் வரை போயிற்று. சுக்கான் அரபு மொழியிலிருந்து வந்தது. நங்கூரம் பாரசீகத்தாரோடு உறவுடையது. நம் வகுப்பறையைப் பாருங்கள். ஆசிரியன் இருக்கும் கதிரையும், பிள்ளைகள் இருக்கும் வாங்கும், நடுவிலுள்ள மேசையும், மூலையிலுள்ள அலுமாரியும் போர்த்துக்கேயர் கப்பலில் வந்த சொற்கள். நாம் பென்சன் கேட்டு ஏறி இறங்கும் கந்தோர் ஒல்லாந்தர் கொடுத்தது. தனித்தமிழ் வேண்டும் என்று வாதிப்போருக்கும் நான் எதிரியல்லேன். ஆயின் கடற்கரையில் நின்று சொற்களுக்குச் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினால் நம் கையில் மிஞ்சுவது சிறிதேயாகும் என்பதை அறிந்தே வாதிக்கவேண்டும்.

இனி, பண்டிதர்களாகிய நம்முட் சிலர் கூறத்தக்க தடையொன்றை ஆராய்வோம். “மீனவர் வாய்ச்சொல் இலக்கியச் சொல்லாகுமா? அதனை ஏட்டில் ஏற்றுவது மொழியைத் தாழ்த்துவதாகாதா?” என்பர். தொல்காப்பியனார் வழக்கு, செய்யுள் என்ற இரண்டையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்று பாயிரம் படித்தவர் அனைவரும் அறிவர். வழக்கு முதலிலும் செய்யுள் பின்னும் வைத்தெண்ணப்பட்டதை நாம் மனனஞ் செய்தோம், கடைப்பிடித்தோமில்லை. அதற்குக் காரணம் இலக்கணமன்று. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. கரையோர மக்களை நாம் நெடுங்காலம் கல்விக்கும் கோயிலுக்கும் புறத்தே நிறுத்திவைத்தோம். அவர்களை நிறுத்திய இடத்திலேயே அவர்களுடைய சொற்களையும் நிறுத்தினோம். நெய்தற் பாட்டிலே பரதவர் மகளைப் புகழ்ந்து உரைவிரித்துவிட்டு, பரதவர் மகன் வகுப்பில் ஒரு சொற் சொன்னபோது சிரிக்கவிட்டவன் நான். குற்றம் என்னுடையது, ஆயினும் என்னொருவனுடையது மாத்திரமன்று என்று அஞ்சுகிறேன்.

நமது கடல்வரலாறு சிறியதுமன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களுள் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை எண்ணுகின்றது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகப்பொருள் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் இருவருக்கும் பாதிபாதி. சிங்கள மன்னனொருவன் இந்நாட்டுத் துறையொன்றுக்கு இயற்றிய கடற்சட்டம் தமிழிலே இருக்கின்றது. அதனைச் சட்டம் பயில்வோரும் படிக்கலாம். தமிழ் பயில்வோரும் படிக்கலாம்.

அணிமைக் காலத்துக்கு வருவோம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அக்கப்பலின் அணியத்தையும் ஏராவையும் வங்கையும் செதுக்கிய தச்சர்கள் கல்லூரியிற் கற்றவர்களல்லர். அவர்கள் அறிவு முழுவதும் சொல்லாகவே இருந்தது. கைவழியாகவும் வாய்வழியாகவும் மகனுக்குச் சென்றது. அந்தச் சொல்லை நாம் எழுதிவைத்தோமா?

கற்றோர் அறியாததைக் கடலோர் அறிவர் என்பதற்குத் தென்கரையிலும் ஒரு சான்று உண்டு. அம்பாந்தோட்டைக்கு அண்மையிலுள்ள கொடவாயாவுக்கு அப்பாற் கடலடியிற் கிடக்கும் உடைகலம், இந்துமாகடலிற் கண்டறியப்பட்டவற்றுள் மிகப் பழையதெனக் கருதப்படுகின்றது. ஈராயிரம் ஆண்டுப் பழமையது. கண்ணாடிக் கட்டிகளும் உலோகமும் அம்மிபோன்ற கற்களும் ஏற்றிவந்தது. 2003ஆம் ஆண்டு அதனை முதலிற் கண்டவர்கள் சங்கு குளிக்கும் சுழியோடிகள். ஆராய்ச்சியாளர் அதன்பின்னரே வந்தனர், வந்து கேட்டனர், கேட்டபடியால் உலகம் அறிந்தது. நாமும் கேட்கவேண்டும் என்பதொன்றே என் வேண்டுகோள்.

1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்து உலகுக்கு அளித்தவர் நமது சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். எடுத்தால் ஓரம் முறியும், கட்டை அவிழ்த்தால் இதழ் உதிரும் என்ற நிலையிற் கிடந்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடிய தலைமுறை அது. அவர்கள் தேடியிராவிடின் நெய்தற்கலியும் கறையானுக்கு இரையாகியிருக்கும். அவர்களின் வழிவந்தோம் என்று நாம் பெருமை பேசுகின்றோம். இன்று செல்லரித்துக்கொண்டிருக்கும் ஏடுகள் யாவை? வேம்பின்கீழ் இருந்து வலைக்கண் பார்க்கும் முதியோரே அந்த ஏடுகள். இவற்றைப் படியெடுக்கப் பணச்செலவு அதிகமில்லை. ஓர் அப்பியாசப் புத்தகம், ஒரு மாலைநேரம், கேட்கும் பணிவு ஆகிய மூன்றுமே வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களாகிய என் தோழர்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன். மன்னார் முதல் முல்லைத்தீவு வரையும், திருகோணமலை முதல் மட்டக்களப்பு வரையும் கரையோரப் பாடசாலைகள் பல உள்ளன. ஒவ்வொரு பாடசாலையிலும் தமிழாசிரியர் ஒருவர், மாணாக்கர் துணையோடு, தம் ஊரிலுள்ள கடற்சொற்களைத் தொகுக்கலாம். படகின் உறுப்புக்கள், வலைவகைகள், மீன்பெயர்கள், காற்றுக்கள், நீரோட்டங்கள், திசைகாட்டிய விண்மீன்கள் எனப் பகுத்துக்கொள்ளலாம். மாணாக்கரிடமுள்ள கைத்தொலைபேசி பாட்டனாரின் குரலையும் பதிந்துவைக்கும். நம் முன்னோர்க்கு இல்லாத வசதி இது. ஊருக்கூர் சொல் வேறுபடுமாயின் வேறுபட்டபடியே எழுதவேண்டும். எது சரி எது பிழை என்று தீர்ப்புக்கூறும் அவசரம் பண்டிதர்க்கு வேண்டாம்.

அடுத்து, வடபகுதிக் கடற்கரையில் எங்கேனும் ஒரு பழைய கட்டடத்திற் சிறியதொரு கடல்சார் நூதனசாலை அமையவேண்டும். காலியைப் போற் பெரிதாயிருக்கவேண்டுமென்பதில்லை. ஒரு வள்ளம், ஒரு பாய், சில வலைகள், சில நிழற்படங்கள் இருந்தாற் சாலும். ஆயின் ஒவ்வொரு பொருளின் கீழும் அதனைக் கையாண்டவர் வழங்கிய பெயரே முதலில் எழுதப்பட்டிருக்கவேண்டும். நூல்வழக்கு அதன்கீழ் வரட்டும். பார்க்க வரும் மீனவர் பிள்ளை, தன் வீட்டுச் சொல்லைச் சுவரிலே கண்டு தலைநிமிர வேண்டும். நூதனசாலையால் விளையும் பயன் பலவாயினும், எனக்கு இதுவே முதலாவது.

இவ்வாண்டு நெய்தற்றிணை கற்பிக்கும் நாள் வந்தபோது, அந்த மாணவனை வகுப்பின் முன்னே அழைத்தேன். கரும்பலகையில் ஒரு கப்பலை வரைந்து உறுப்புக்களின் பெயரை எழுதுமாறு கூறிவிட்டு, பின்வாங்கில் அவனுடைய இடத்திற் போயிருந்தேன். முதலிற் கூச்சத்தோடு தொடங்கினான். பருமலுக்கு வந்தபோது குரல் உயர்ந்தது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. முன்பு வினாவிய அந்த மாணவி, இன்னும் பல கேட்டாள். எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. தெரியாத இரண்டொன்றுக்கு, “அப்புவைக் கேட்டு வந்து சொல்லுறன்” என்றான். அந்த விடையும் எனக்குப் பிடித்திருந்தது.

மாலுமி என்ற சொல்லின் பிறப்பை அண்மையில் அகராதியிற் பார்த்தேன். அது அரபு மொழியிலுள்ள முஅல்லிம் என்பதன் திரிபு. அச்சொல்லுக்குக் கப்பலுக்கு வழிகாட்டுவோன் என்பது மட்டுமன்றி ஆசிரியன் என்பதும் பொருளாம். கடலிலே வழியறிந்தவனையும் வகுப்பிலே வழிகாட்டுபவனையும் ஒரே சொல்லால் அழைத்திருக்கிறார்கள். நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்களிருவரில் அப்பெயருக்கு உரியவர் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய சொற்கள் இன்னும் பாதிக்கு மேல் எழுதப்படாமலிருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் போகவிருக்கிறேன்.